பத்தொன்பது வயதில் ரிட்டையர்மெண்ட்

என் அப்பா 58 வயதில் ரிட்டையர் ஆனார். ஆபீஸில் சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து, கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கடிகாரம் இன்னும் எங்கள் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். ரிட்டையர்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகம் வரும்.

போன மாதம் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 19 வயதுப் பையன் ஒருவர் "மருத்துவக் காரணங்களால் ரிட்டையர்" ஆனார் என்று இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு நாள்கூட சம்பளம் வாங்காத ஆள் எதிலிருந்து ரிட்டையர் ஆவார்?

அவர் பெயர் ஜேலன் ஃபிலிப்ஸ். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர். அவருடைய ரிட்டையர்மெண்ட் அறிவிப்பு வந்தது 2018 டிசம்பரில். 2021 ஏப்ரலில், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் தேர்வில் முதல் சுற்றிலேயே, 18-ஆவது ஆளாக அவரை எடுத்துக்கொண்டார்கள். உடம்பு தேறிவிட்டது என்பது பாதி பதில். மீதிப் பாதி நூறு வருட விதிமுறைகளுக்குள் இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

அமெரிக்க ஃபுட்பால் நம்ம ஊர் ஃபுட்பால் கிடையாது. பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் எழுந்து, பந்து நின்ற இடத்தில் மறுபடி எதிரெதிரே வரிசை கட்டுவார்கள்.

இந்த வரிசைதான் நமக்கு முக்கியம். பந்துக்கு இந்தப் பக்கம் தாக்கும் அணியின் வரிசை. அந்தப் பக்கம் தடுக்கும் அணியின் வரிசை, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். இவர்களுக்குப் பெயர் டிஃபென்சிவ் லைன்மேன். நடுவில் நிற்பவர்கள் டாக்கிள். 130, 140 கிலோ இருப்பார்கள். ஆளே ஒரு சுவர். ஓரத்தில் நிற்பவர்கள் டிஃபென்சிவ் எண்ட். எடை கொஞ்சம் குறைவு, வேகம் அதிகம். எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்கு முன்னால் ஓடிப்போய் வீழ்த்துவது இவர்களுடைய பெரிய சாதனை. அதற்கு "சாக்" என்று பெயர். ஃபிலிப்ஸ் இந்த ஓரத்து ஆள்.

டிவியில் பார்க்கும்போது கேமரா பந்தின் பின்னால் ஓடிவிடும். அதனால் வரிசையில் நடப்பது நமக்குத் தெரியாது. தூரத்தில் ஓடிப் பந்து பிடிக்கிற ஆள் பத்து ஆட்டம் யார் மேலும் படாமல் போய்விடலாம். லைன்மேனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும், பந்து அசைந்த அடுத்த நொடியில், தன்னைவிடக் கனமான ஒருவர் மீது மோதியே ஆக வேண்டும். ஒரு போட்டியில் ஐம்பது அறுபது தடவை இப்படி நடக்கும். பயிற்சி நாட்களின் கணக்கு தனி.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். கையை எங்கே வைப்பது, எதிராளியின் கையை எப்படித் தட்டிவிடுவது, முதல் அடியை எவ்வளவு சீக்கிரம் வைப்பது, முழு வேகத்தில் ஓடிக்கொண்டே உடம்பை எப்படி உள்பக்கம் சாய்த்து வளைந்து போவது, எல்லாம் பழக்கத்தில் வர வேண்டும். கூடவே உடம்பும் வளர வேண்டும். பள்ளியில் பெரிய ஆளாக இருந்த 18 வயதுப் பையன், கல்லூரிக்கு வந்ததும் நான்கு வருடம் எடை தூக்கி வளர்ந்த 22 வயது ஆட்களோடு மோதுகிறான். அதனால்தான் புதிதாக வருகிறவர்களை ஒரு வருடம் போட்டியில் இறக்காமல், பயிற்சி மட்டும் கொடுத்து வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அதற்கு "ரெட்ஷர்ட்" என்று பெயர். ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வளர்க்கிற வேலையும் உடைக்கிற வேலையும் ஒரே இடத்தில் நடக்கின்றன. மோதி மோதித்தான் மோதக் கற்றுக்கொள்ள முடியும். குவியலாக ஆட்கள் விழும்போது பின்னாலிருந்து ஒருவர் காலில் விழுந்தால் கணுக்கால் போகும். கால் மண்ணில் ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பினால் முழங்கால் லிகமெண்ட் அறுந்துவிடும். தலையில் பலமாக அடிபட்டால் மூளை அதிரும். அதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். மயக்கம்கூட வராமல், சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் விழும் தலை அடிகள் வேறு.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ தலைமையிலான குழு, இறந்த ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு, என்.எஃப்.எல். ஆடிய 111 பேரில் 110 பேரிடம் இருந்தது. கல்லூரி அளவோடு நின்றுவிட்ட 53 பேரில் 48 பேரிடம் இருந்தது. இது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தும் விகிதம் கிடையாது. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் அதிகமாக மூளையைத் தானமாகக் கொடுத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் அந்த 48 என்ற எண் என்னை உறுத்துகிறது. அவர்களில் யாரும் என்.எஃப்.எல். சம்பளம் வாங்கியதில்லை.

ஃபிலிப்ஸுக்கு நடந்தது

ஃபிலிப்ஸ் 1999 மே மாதம் பிறந்தவர். ஊர் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள ரெட்லேண்ட்ஸ். வீட்டில் சங்கீதம் உண்டு. தாத்தா ஜான் ராபர்ட்சன் பியானோ கலைஞர். ரெட்லேண்ட்ஸ் சிம்ஃபனியின் கண்டக்டராகப் பல வருடம் இருந்தவர். (பஸ் கண்டக்டர் இல்லை, இசைக்குழுவை நடத்துகிறவர்.) பேரன் ஆறடி ஐந்தங்குலம் வளர்ந்தார். 2017-இல் பள்ளி முடித்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திய தளங்களில் ஒன்று, நாட்டிலேயே முதலிடத்தை அவருக்குக் கொடுத்தது.

யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ரெட்ஷர்ட் எல்லாம் இல்லை, முதல் வருடமே களத்தில் இறக்கினார்கள். நன்றாகவே ஆடினார். ஆனால் கணுக்காலில் அடிபட்டுச் சில போட்டிகள் போயின. அந்த சீசன் முடிவதற்குள் தலைமைக் கோச் மாறினார். 2018 ஜனவரியில் மோட்டார் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவரைக் கார் ஒன்று இடித்தது. மணிக்கட்டு நொறுங்கியது; ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். கைதான் லைன்மேனுக்கு ஆயுதம் என்று மேலே சொன்னேன் இல்லையா? அந்தக் கையோடு 2018 சீசனுக்குத் திரும்பி வந்து நான்கு போட்டி ஆடினார். அப்புறம் தலையில் அடி, மறுபடி கன்கஷன். அதற்கு முன்பும் அவருக்குக் கன்கஷன் வந்திருந்தது. டிசம்பரில் அந்த அறிவிப்பு.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னோக்கிப் போகிறேன். அந்த அறிவிப்புக்கு என்ன அர்த்தம் என்று புரிய, "போதும், நிறுத்து" என்று சொல்லும் அதிகாரமும், நிறுத்தினால் வரும் நஷ்டமும் யாரிடம் இருந்தன என்று பார்க்க வேண்டும்.

பந்து அகல இடைவெளி

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட அடிதடி. 1892-இல் ஹார்வர்ட் அணி, கைகோத்த ஆட்கள் ஆப்பு வடிவத்தில் ஓடிவந்து எதிரணியின் ஒரே இடத்தில் மோதும் உத்தியை யேலுக்கு எதிராக இறக்கியது. இரண்டு வருடத்தில் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. ஆனால் மொத்தமாகச் சேர்ந்து மோதுவது நிற்கவில்லை. 1905 சீசனில் குறைந்தது 18 பேர் செத்தார்கள். பள்ளிப் பையன்களும் அதில் உண்டு. அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ஆட்டத்தைச் சீர்செய்யுங்கள் என்றார்.

அடுத்த வருடம் புது விதிகள் வந்தன. பந்தை முன்னால் எறியலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த மாற்றம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, பந்தின் நீளத்துக்கு ஒரு இடைவெளி விட வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்க லைன்மேன்களும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்று, ஆட்டம் தொடங்கும் முன்பே குத்திக்கொள்ள முடிந்தது. லைன்மேனின் உடம்புக்காக எழுதப்பட்ட பழைய விதிகளில் இது ஒன்று. ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான இடம். இன்றைக்கும் அதே அளவுதான்.

அந்தச் சீர்திருத்தத்தில் பிறந்த அமைப்புதான் 1910-இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பு. ஆட்களைச் சாகவிடாமல் காக்கப் பிறந்த அமைப்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக் ட்ரைஸ்

விதி மாறினாலும், அடிபட்டவன் ஆடலாமா கூடாதா என்று முடிவுசெய்ய யாரும் இல்லை. அதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகும் உதாரணம் ஜாக் ட்ரைஸ்.

1902-இல் ஒஹாயோ மாநிலத்தில் ஹைரம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவர். கிளீவ்லாண்டில் ஈஸ்ட் டெக் பள்ளியில் ஆடினார். அந்தப் பள்ளியின் கோச் சாம் வில்லமன் 1922-இல் அயோவா ஸ்டேட் கல்லூரிக்குப் போனபோது, ட்ரைஸும் கூட ஆடிய சிலரும் அவர் பின்னாலேயே போனார்கள். கால்நடை வளர்ப்பு படித்தார். படித்து முடித்துத் தெற்கே போய்க் கறுப்பின விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாத காலம். வேலை செய்துகொண்டே படித்தார். முதல் வருட மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்பதால் 1922 முழுக்க ஜூனியர் அணியில்தான். 1923-இல் பெரிய அணிக்கு வந்தார். அப்போது தாக்கும் அணி, தடுக்கும் அணி என்று தனித்தனியாக ஆள் கிடையாது. அதே ஆட்கள்தான் இரண்டும். ட்ரைஸ் டாக்கிள்.

1923 அக்டோபர் 6, மினியாபொலிஸ் நகரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தோடு போட்டி. பெரிய அணியில் அவருக்கு இரண்டாவது ஆட்டம். முதல் நாள் இரவு ஹோட்டல் தாளில் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். தன் இனத்தின் கௌரவமும், குடும்பத்தின் கௌரவமும், தன் கௌரவமும் நாளைக்குப் பணயத்தில் இருப்பதாக அதில் எழுதியிருந்தார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காறை எலும்பு முறிந்தது. விட்டுவிட்டு வரவில்லை, தொடர்ந்து ஆடினார். மூன்றாவது கால்பகுதியில் எதிராளிகளைத் தடுக்க உருண்டு விழுந்தவர் மல்லாந்துவிட்டார். பல பேர் மேலே மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, ஆட்டத்தின் வேகத்தில் நடந்ததா என்று பார்த்தவர்களே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். அக்டோபர் 8-ஆம் தேதி உள்காயத்தில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 21. அந்தப் போட்டியை மினசோட்டா 20-17 என்று ஜெயித்திருந்தது.

வகுப்புகளை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். குடும்பத்துக்கென்று நன்கொடை திரட்டினார்கள். அயோவா ஸ்டேட் 1989 வரை மினசோட்டாவோடு மறுபடி ஆடவில்லை. மாணவர்கள் எழுபதுகளிலிருந்து விடாமல் கேட்டதன் விளைவாக, 1997-இல் அரங்கத்துக்கே ஜாக் ட்ரைஸ் பெயர் வைத்தார்கள். அவர் படிக்க வந்த பட்டத்தை 2022-இல்தான் கொடுத்தார்கள்.

எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது அந்த நன்கொடை. காறை எலும்பு முறிந்தவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. செத்த பிறகு உண்டியல் குலுக்கினார்கள். மனசு இருந்தது, பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஒரு சொல் பிறந்த கதை

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி முப்பது வருடம் கழித்துக் கோர்ட்டுக்கு வந்தது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஆடிய எர்னஸ்ட் நெமெத் என்பவருக்குப் பயிற்சியில் முதுகில் அடிபட்டது. கல்லூரி வளாகத்தில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, ஃபுட்பால் ஆடுவதோடு பிணைக்கப்பட்டது. அதனால் அவர் ஊழியர், இழப்பீடு உண்டு என்று 1953-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது.

கல்லூரிகள் மிரண்டுவிட்டன. அப்போது என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகத் தலைவர் வால்டர் பையர்ஸ். அந்தக் காலத்தில்தான் "ஸ்டூடண்ட்-அத்லெட்", அதாவது மாணவ விளையாட்டு வீரர், என்ற சொல்லை உருவாக்கினார்கள். எல்லா விதிகளிலும் அறிக்கைகளிலும் அதையே போட்டார்கள். ஆட்டக்காரர்களை யாரும் ஊழியர் என்று சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில் பிறந்த சொல் அது என்று பையர்ஸே 1995-இல் எழுதிய புத்தகத்தில் ஒத்துக்கொண்டார்.

சொல் வேலை செய்தது. அதே கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் 1955-இல் தலையில் அடிபட்டு இறந்தார். ராணுவத்திலிருந்து திரும்பிப் படிக்க வந்தவர், பிள்ளைகள் இருந்தார்கள். மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அதனால் அவர் ஊழியர் இல்லை என்று 1957-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டெக்சஸில் டி.சி.யூ. அணிக்கு ஆடிய கென்ட் வால்ட்ரெப், 1974-இல் அலபாமாவோடு நடந்த போட்டியில் கழுத்தில் அடிபட்டு முடங்கினார். 1993-இல் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் விடவில்லை. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் ஊழியர் இல்லை என்று முடித்துவைத்தது. அடிபட்டு 26 வருடம் கழித்து!

இதற்கிடையே லைன்மேனின் வேலையே மாறிப்போயிருந்தது. அறுபதுகளின் நடுவில், எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்ற விதி நிலைத்தது. தடுக்க மட்டுமே தனி ஆள், அதற்கே ஏற்ற உடம்பு, அதற்கே ஒரு கோச் என்று ஆயிற்று. 1956 முதல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வெளிப்படையாகக் கொடுத்தார்கள். 1973-இல் அதை வருடா வருடம் புதுப்பிக்கும்படி மாற்றினார்கள். அப்படின்னா, கோச் நினைத்தால் அடுத்த வருடம் கிடையாது. நான்கு வருடத்துக்கும் சேர்த்து உறுதி கொடுக்கலாம் என்ற அனுமதி திரும்பி வர நாற்பது வருடம் ஆனது.

அந்த அறிவிப்பின் அர்த்தம்

இப்போது 2018 டிசம்பருக்கு வரலாம்.

அப்போது ஒரு ஃபுட்பால் அணி மொத்தம் 85 ஸ்காலர்ஷிப்தான் கொடுக்கலாம். அடிபட்டு ஆட முடியாதவர் அந்த 85-இல் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு விதி உண்டு. மருத்துவக் காரணத்தால் இனி ஆட முடியாது என்று அறிவித்துவிட்டால், அவருடைய படிப்புச் செலவு தொடரும், ஆனால் 85 கணக்கில் சேராது. அந்த இடத்தில் கோச் புது ஆள் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, அந்த மாணவர் அதே பல்கலைக்கழகத்துக்காக மறுபடி ஆட முடியாது. இதைத்தான் பொதுவாக மெடிக்கல் ரிட்டையர்மெண்ட் என்கிறார்கள்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆளை மரியாதையாகக் கழற்றிவிட ஒரு வழி என்று தோன்றியது. திரும்ப யோசித்தால் அவ்வளவு எளிதாக இல்லை. கன்கஷன் திரும்பத் திரும்ப வந்த 19 வயதுப் பையனிடம், போதும் என்று டாக்டர் சொல்வது தப்பா? ட்ரைஸிடம் 1923-இல் யாராவது அதைச் சொல்லியிருந்தால்? ட்ரைஸ் கேட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை. அதனால்தான் முடிவை ஆடுகிறவர் கையில் மட்டும் விட முடியாது. அடிபட்டவனைப் படிப்போடு காப்பாற்றுவதும், அணியில் இடம் காலி செய்து கொடுப்பதும் ஒரே விதிதான். எந்த நோக்கத்தில் அது பயன்படுகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களால் சொல்லவே முடியாது. சில சமயம் உள்ளே இருக்கிறவருக்கும் தெரியாது. விதியில் இருக்கும் கோளாறு அதுதான்.

ஃபிலிப்ஸுக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் ஆட முடியாதே தவிர, வேறு இடம் ஒத்துக்கொண்டால் ஆடலாம். இன்னொரு அதிர்ஷ்டம். நான்கு போட்டி வரை ஆடினாலும் ரெட்ஷர்ட்டாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி 2018-இல்தான் வந்தது. அவர் ஆடியது சரியாக நான்கு. 2019-இல் மியாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்த ஃப்ராஸ்ட் இசைப் பள்ளியும் ஒரு காரணம், தாத்தாவின் ரத்தம். அன்றைய விதிப்படி கல்லூரி மாறியவர் ஒரு வருடம் போட்டியில் ஆடாமல் உட்கார வேண்டும். பலருக்குத் தண்டனையாக இருந்த விதி இவருக்கு வைத்தியம் ஆனது. தலைக்கும் கைக்கும் ஒரு வருட ஓய்வு, கூடவே எடை தூக்கும் அறை.

2020-இல் கொரோனா. மியாமியின் நட்சத்திர டிஃபென்சிவ் எண்ட் கிரெகரி ரூசோ அந்த சீசன் ஆடவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். (ரூசோவும் 2018-இல் கணுக்கால் உடைந்து சீசனை இழந்து, அடுத்த வருடம் 15.5 சாக் எடுத்து எழுந்தவர்தான்.) ஃபிலிப்ஸ் 10 போட்டி ஆடி 8 சாக் எடுத்தார். அடுத்த ஏப்ரலில் அவரை 18-ஆவது ஆளாக எடுத்தது மியாமி டால்ஃபின்ஸ். ரூசோ 30-ஆவதாகப் போனார்.

அதே உடம்பு, இன்னொரு சட்டம்

கதையை இங்கே முடித்தால் சுபம். ஆனால் உடம்பு அப்படி முடிப்பதில்லை. முதல் சீசனில் 8.5 சாக் எடுத்தவருக்கு, 2023 நவம்பர் 24-ஆம் தேதி நியூயார்க் ஜெட்ஸ் போட்டியில் அக்கிலீஸ் டெண்டன் அறுந்தது. 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி முழங்காலில் ஏ.சி.எல். போனது.

ஆனால் இந்தக் காயங்களுக்குச் சட்டம் வேறு. அவர் இப்போது ஊழியர். தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அடிபட்டுப் படுத்திருந்த வாரங்களுக்கும் சம்பளம் உண்டு. அக்கிலீஸ் இன்னும் ஆறாத நிலையில், 2024 வசந்தத்தில் கிளப் அவருடைய ஐந்தாவது வருடத்தையும் உறுதிசெய்தது. சுமார் 1.3 கோடி டாலர். அதற்கப்புறம் முழங்கால் போனபோதும் அந்தப் பணம் போகவில்லை. 2025-இல் ஆடினார். அந்த நவம்பரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு மாறினார்.

2018-இல் அடிபட்டதும் இதே உடம்புதான். வேலையும் இதேதான்: பந்து அசைந்ததும் மோது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஸ்காலர்ஷிப்பும் ஒரு அறிவிப்பும். நடுவில் மாறியது அவரை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும்.

கல்லூரியிலும் இப்போது நிறைய மாறிவிட்டது. ஃபிலிப்ஸ் என்.எஃப்.எல். போன இரண்டு மாதத்தில், 2021 ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல், ஆட்டத்தை விட்ட பிறகும் இரண்டு வருடம் வரை கல்லூரிக் காயங்களுக்கான மருத்துவக் காப்பீட்டை என்.சி.ஏ.ஏ. கொடுக்கிறது. 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்; அந்த முதல் வருடத்துக்கான வரம்பு 2.05 கோடி டாலர். பணம் வந்துவிட்டது. ஊழியர் என்ற சொல் மட்டும் இன்னும் வரவில்லை. அக்கிலீஸும் முழங்காலும் இரண்டு வருடக் கணக்கு பார்த்து வலிப்பதில்லை.

ஃபிலிப்ஸ் திரும்பி வந்ததைப் பலர் தன்னம்பிக்கைக் கதையாக எழுதுகிறார்கள். அதில் தப்பில்லை, அந்த ஒரு வருடம் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட ஆள். ஆட முடியாது என்று அறிவித்த பிறகும் எடுத்துக்கொள்ள இன்னொரு பல்கலைக்கழகம் இருந்தது. வரிசையில் அவர் பக்கத்தில் நின்ற, யாரும் பெயர் கேட்காத டாக்கிளுக்கு அதே டிசம்பரில் அதே அறிவிப்பு வந்திருந்தால், அது நிஜமாகவே ரிட்டையர்மெண்ட்தான். மாலையும் கிடையாது, கடிகாரமும் கிடையாது.